எண்களிலிருந்து இசை வரை: ஒரு டாக் வாங்கும் முன்

மொன்றியலிலிருந்து வடமேற்கே கொஞ்ச தூரம் காரில் போனால் சென்-யூஸ்டாஷ் என்ற ஊர் வரும். அங்குள்ள தேவாலயத்தின் கல் முகப்பில், 1837 டிசம்பர் 14 அன்று பிரிட்டிஷ் பீரங்கிகள் பறித்த குழிகளை இன்றும் பார்க்கலாம். பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்த கிளர்ச்சிக்காரர்கள் உள்ளே அடைக்கலம் புகுந்து கடைசிவரை போராடிய இடம் அது. அதே தேவாலயத்துக்குள் 1980இல் சார்ல் துத்வா நடத்திய மொன்றியல் சிம்பொனி இசைக்குழு, ராவெலின் 'தாஃப்னிஸ் எ க்ளோயே'யை லண்டனின் டெக்கா நிறுவனத்துக்காக வாசித்தது. டெக்கா பொறியாளர்கள் கொண்டுவந்திருந்தது டிஜிட்டல் பதிவுக் கருவி. அந்தப் பதிவும், தொடர்ந்து அங்கேயே எடுத்த பதிவுகளும் இந்த நகரத்து இசைக்குழுவை உலகறியச் செய்தன.

அந்தக் கருவியின் நாடாவில் இருந்தவை எண்கள். எண்களைக் காது கேட்காது. அவற்றை மீண்டும் ஏறி இறங்கும் மின்னழுத்தமாக்கி ஆம்புக்குக் கொடுக்க ஒரு கருவி வேண்டும். அதுதான் டிஜிட்டல்-அனலாக் மாற்றி. கடையிலும் ரசிகர்கள் பேச்சிலும் அதன் பெயர் 'டாக்'. உங்கள் கைபேசியில் ஒன்று இருக்கிறது, டிவியில் ஒன்று, மடிக்கணினியில் ஒன்று. நல்ல ஸ்டீரியோ வைத்திருப்பவர்கள் அதைத் தனிப் பெட்டியாகவே வாங்குகிறார்கள். சுமார் பத்து அமெரிக்க டாலருக்கு, கைபேசியில் செருகும் சின்னக் கம்பியாகவும் அது கிடைக்கிறது. காரின் விலைக்கு, இரண்டு கைகளாலும் தூக்க வேண்டிய அலுமினியப் பெட்டியாகவும் கிடைக்கிறது. இரண்டுக்கும் வேலை ஒன்றே.

இந்த விலை வேறுபாட்டை யோசிக்க மொன்றியலைவிடப் பொருத்தமான ஊர் அதிகம் இல்லை. தட்டையான இசைத்தட்டைக் கண்டுபிடித்த எமில் பெர்லினர் தன் கனடா நிறுவனத்தை நடத்தியது இங்கேதான். சென்-ஆன்ரி பகுதியில் அவர் பெயரில் ஒரு அருங்காட்சியகம் இருக்கிறது. சென் லாரன்ஸ் நதிக்கு அக்கரையில் பூஷெர்வீல் ஊரில், 1980இல் தொடங்கிய சிமாடியோ நிறுவனம் 'மூன்' என்ற பெயரில் உயர்தர ஆம்புகளையும் டாக்குகளையும் செய்து உலகமெங்கும் விற்கிறது. மக்கில் பல்கலைக்கழகத்திலோ, மனிதக் காது எந்த ஒலியை எதிலிருந்து பிரித்தறியும் என்று வருடக்கணக்காகச் சோதித்துக்கொண்டிருக்கிறார்கள்.

விலை கூடிய டாக் தேவையா என்ற கேள்விக்கு என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒழுங்காக வடிவமைத்த டாக், இன்று ஒலிச்சங்கிலியிலேயே மிகக் குறைவாகத் தவறு செய்யும் கண்ணி. இசை தொலைவது வேறு இடங்களில். பணம் அங்கேதான் போக வேண்டும். ஆனால் இதை யார் சொன்னாலும் அப்படியே நம்ப வேண்டியதில்லை, வீட்டிலேயே சோதித்துப் பார்த்துக்கொள்ளலாம்.

டாக் செய்யும் வேலையைப் பார்ப்போம். மைக், காற்றின் அழுத்த மாற்றத்தை மின்னழுத்தமாக்குகிறது. அந்த மின்னழுத்தத்தை விநாடிக்கு 44,100 தடவை அளந்து, ஒவ்வொரு அளவையும் 65,536 படிகளில் ஒன்றாகக் குறித்துக்கொள்வது குறுந்தகட்டின் முறை. இரண்டைப் பதினாறு முறை பெருக்கினால் வருவது 65,536. ஆகவே இதை 16 பிட் என்கிறோம். 44,100 என்ற விசித்திரமான எண்ணுக்குக் காரணம் வீடியோ நாடா. ஆரம்பத்தில் டிஜிட்டல் ஒலியைப் பதிய வீடியோ கருவிகளைத்தான் பயன்படுத்தினார்கள். ஜப்பான், அமெரிக்க முறையில் விநாடிக்கு 60 புலங்கள் (அரைப் படங்கள்), ஒவ்வொன்றிலும் பயன்படும் 245 கோடுகள், கோட்டுக்கு 3 அளவுகள். பெருக்கினால் 44,100. ஐரோப்பிய முறையில் 50 புலங்கள், 294 கோடுகள், 3 அளவுகள். அதுவும் 44,100. இரண்டு முறைக் கருவிகளும் ஒத்துப்போன எண் என்பதால் அதுவே நிலைத்துவிட்டது.

இங்கே எல்லோருக்கும் எழும் சந்தேகம்: ஒரு அளவுக்கும் அடுத்த அளவுக்கும் நடுவில் நடந்தது தொலைந்துபோகாதா? புள்ளிக் கோலத்தை எண்ணிப் பாருங்கள். ஒருவர் புள்ளிகளை மட்டும் வைத்துவிட்டுப் போனால், அவற்றை வைத்து எத்தனையோ கோடுகளை இழுக்கலாம். ஆனால் 'கோடு எல்லாப் புள்ளிகளையும் தொட வேண்டும், குறிப்பிட்ட அளவுக்கு மேல் வேகமாக நெளியக் கூடாது' என்று விதி வைத்துவிட்டால், இழுக்கக்கூடிய கோடு ஒன்றே ஒன்றுதான். நைக்விஸ்ட் 1928இலும் கோட்டெல்னிகோவ் 1933இலும் ஷானன் 1949இலும் எழுதிய கட்டுரைகள் நிலைநாட்டிய கணிதம் இது. மாதிரி எடுக்கும், அதாவது அளக்கும், வேகத்தில் பாதிக்குக் கீழே உள்ள அதிர்வெண்கள் எல்லாம், நடுவில் உள்ள வளைவுகள் உட்பட, முழுமையாக மீண்டும் கிடைக்கும். 44,100இல் பாதி 22,050 ஹெர்ட்ஸ். இளம் வயதில் மனிதக் காதின் மேல் எல்லை சுமார் 20,000. ஐம்பதை நெருங்கும்போது அந்த எல்லையைத் தொடும் காது அரிது.

விளம்பரங்களில் டிஜிட்டல் ஒலியைப் படிக்கட்டு மாதிரி வரைந்து காட்டி, 'அதிக மாதிரிகள் எடுத்தால் படிகள் சிறுக்கும், ஒலி வழவழப்பாகும்' என்று விளக்குவார்கள். எத்தனையோ பேர் இந்தப் படத்தைப் பார்த்துத்தான் பணத்தை எடுக்கிறார்கள் என்பது எனக்கு மிகவும் வருத்தம் தரும் விஷயம். டாக்கின் கடைசிக் கட்டத்தில் ஒரு வடிகட்டி உண்டு. மேலே சொன்ன நெளிவு விதியை நடைமுறைப்படுத்துவது அதுதான். படிக்கட்டின் கூர்முனைகள் எல்லாம் 22,050 ஹெர்ட்ஸுக்கு மேலே உள்ள அதிர்வெண்களால் ஆனவை. அவற்றை வடிகட்டி எடுத்துவிட்டால் மிஞ்சுவது பழைய வளைகோடுதான். வடிகட்டியுள்ள டாக்கிலிருந்து வெளிவரும் மின்னழுத்தத்தை ஆசிலோஸ்கோப்பில் பார்த்தால் படிகள் தெரியாது.

வடிகட்டியில் மாறுபாடுகள் உண்டு. இன்றைய டாக்குகள் பலவற்றில் 'வேகமான', 'மெதுவான' என்று தேர்ந்தெடுக்க விசைகளே இருக்கின்றன. சில கருவிகள் வடிகட்டியையே தவிர்த்துவிட்டு, பழைய முறை, இயற்கையான ஒலி என்று சொல்லி விற்பனைக்கு வருகின்றன. எண்ணை அப்படியே அடுத்த எண் வரும்வரை பிடித்துவைப்பதால் இவற்றில் 20,000 ஹெர்ட்ஸில் 3.2 டெசிபெலும், 10,000 ஹெர்ட்ஸில் முக்கால் டெசிபெலும் குறையும். இது கேட்கக்கூடிய மாற்றம்தான். சிலருக்கு அந்த மென்மை பிடிக்கும். பிடித்தால் வாங்கலாம், ஆனால் பதிவில் இருந்ததில் கொஞ்சம் குறைந்துதான் காதுக்கு வருகிறது என்பதைத் தெரிந்துகொண்டு வாங்க வேண்டும்.

எண்ணை மின்னழுத்தமாக்கும் இடத்தில்தான் பொறியியலின் அழகு இருக்கிறது. பழைய வழி, மின்தடைகளை ஏணி போலக் கோப்பது. ஒவ்வொரு பிட்டுக்கும் ஒரு விசை. மேல் பிட் பாதி மின்னழுத்தத்தைத் தரும், அடுத்தது கால், அதற்கடுத்தது அரைக்கால். 16 பிட் ஏணி ஒழுங்காக வேலை செய்ய, மேல்படி மின்தடை ஒரு லட்சத்தில் ஒன்றிரண்டு பங்கு துல்லியத்தோடு இருக்க வேண்டும். வழக்கமான இரண்டு வோல்ட் வெளியீட்டில் ஒரு படியின் உயரம் வோல்ட்டில் பத்தாயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு.

சோனியும் பிலிப்ஸும் குறுந்தகட்டுக்கு 16 பிட் என்று உடன்பட்டபோது, பிலிப்ஸ் கையில் தயாராக இருந்தது 14 பிட் சில்லுதான். அதை அவர்கள் தூக்கியெறியவில்லை. ஒவ்வொரு எண்ணுக்கும் நடுவே கணக்கிட்டு மூன்று எண்களைச் சேர்த்து, சில்லை நான்கு மடங்கு வேகத்தில், விநாடிக்கு 1,76,400 தடவை ஓடவிட்டார்கள். முழுதாக்கும்போது விழும் பிழையை அடுத்த எண்ணில் சரிக்கட்டி, மிச்ச இரைச்சலைக் காது கேட்காத உயரத்துக்குத் தள்ளினார்கள். 14 பிட் சில்லிலிருந்து 16 பிட் தரம் கிடைத்தது. இந்த யோசனையைக் கடைசிவரை இழுத்துச் சென்றால் வருவதுதான் இன்றைய டெல்டா-சிக்மா முறை: ஒரு சில பிட்கள், ஆனால் விநாடிக்குப் பல லட்சம் தடவை. மின்தடையின் துல்லியத்தை நம்பாமல் நேரத்தின் துல்லியத்தை நம்பும் வழி. நேரத்தைத் துல்லியமாக்குவது மலிவு. குவார்ட்ஸ் படிகம் போதும். டாக்கின் விலை சரிந்ததற்கு அடிப்படைக் காரணம் இதுதான்.

நேரம் என்றதும் 'ஜிட்டர்' நினைவுக்கு வரும். எண்கள் சரியான கணத்தில் வராமல் நூலிழை முந்தியோ பிந்தியோ வருவதற்கு அந்தப் பெயர். இசையில் அதைக் காது எப்போது கண்டுகொள்கிறது என்று 1998இல் பெஞ்சமினும் கேனனும் சோதித்தார்கள். மிகச் சாதகமான இசைத் துணுக்கிலேயே சுமார் 20 நானோவிநாடி தேவைப்பட்டது. நல்ல டாக்கின் ஜிட்டர் ஒரு நானோவிநாடிக்கும் கீழே. இரைச்சலும் அப்படித்தான். சராசரியான நல்ல டாக்கில் உச்ச ஒலிக்கும் இரைச்சலுக்கும் இடையில் 110 முதல் 120 டெசிபெல் வரை இடைவெளி இருக்கும். மின்விசிறி ஓடாத, சன்னல் மூடிய அறையிலேயே பின்னணி ஓசை 30 டெசிபெல் இருக்கும். ஸ்பீக்கரை 105 டெசிபெல் வரை முழங்கவிட்டாலும் உங்களுக்குக் கிடைக்கும் இடைவெளி 75தான்.

தாளில் இப்படி இருக்கலாம், காதில்? இந்தக் கேள்விக்கு மக்கில் பல்கலைக்கழகத்தில் 2010இல் ஒரு நேர்மையான பதில் கிடைத்தது. அமாந்தின் ப்ராவும் கத்தரின் குவாஸ்தவினோவும் ஐந்து இசைத் துணுக்குகளை, ஒரே மைக் சங்கிலியில், விநாடிக்கு 44,100 தடவையும் 88,200 தடவையும் மாதிரி எடுத்துப் பதிந்தார்கள். 88,200இல் பதிந்ததைக் கணினியில் 44,100ஆகக் குறைத்து மூன்றாவது வடிவமும் தயாரித்தார்கள். தேர்ந்த காதுள்ள 16 பேர், எது எது என்று தெரியாமல் கேட்டார்கள். கணினியில் குறைத்த வடிவத்தையும் மூலத்தையும் மொத்தத்தில் பிரித்தறிய முடிந்தது. நேரடியாக இரு வேகங்களில் பதிந்தவற்றை, ஆர்கெஸ்ட்ரா துணுக்கில் மட்டும் பிரித்தறிந்தார்கள்.

'பார்த்தீர்களா, வித்தியாசம் இருக்கிறது!' என்று இதை ஒரு தரப்பு தூக்கிப் பிடிக்கும். பொறுங்கள். மேயரும் மோரனும் பாஸ்டனில் நடத்தி 2007இல் வெளியிட்ட சோதனையில், உயர் தெளிவுத் தட்டுகளின் ஒலிப் பாதையில் 16 பிட், 44,100 சுற்று ஒன்றை ரகசியமாக நுழைத்தார்கள். கேட்டவர்கள் 554 முயற்சிகளில் 276 தடவை சரியாகச் சொன்னார்கள். நாணயம் சுண்டினாலும் அதுதான் வரும். 2016இல் லண்டன் குவீன் மேரி பல்கலைக்கழகத்தின் ஜோஷுவா ரைஸ் இத்தகைய 18 ஆய்வுகளை, 12,500க்கும் அதிகமான முயற்சிகளை ஒன்றுசேர்த்துக் கணக்கிட்டார். சரியான விடை 52.3 விழுக்காடு. பயிற்சி பெற்றவர்களிடம் சுமார் 60. ஆக, வித்தியாசம் பூஜ்யம் என்று சொல்ல முடியாது. தேர்ந்த காதும், குறிப்பிட்ட இசையும், கூர்ந்த கவனமும் ஒன்றுசேரும்போது விளிம்பில் தட்டுப்படும் அளவுக்குச் சிறியது. மாதிரி வேகத்தையே பாதியாக்கினால் இவ்வளவுதான் தெரிகிறது என்றால், ஒரே எண்களை வாசிக்கும் இரண்டு நல்ல டாக்குகளுக்கு இடையில் என்ன தெரியும் என்று எண்ணிக்கொள்ளலாம்.

மக்கில் ஆய்வாளர்கள் இன்னொன்றும் செய்தார்கள். 2009இல், இசை உளவியலாளர் டேனியல் லெவிட்டினும் இருந்த ஒரு குழு, குறுந்தகட்டின் ஒலியையும் எம்பி3 வடிவங்களையும் பயிற்சி பெற்ற 13 பேருக்குப் போட்டுக் காட்டியது. விநாடிக்கு 192 கிலோபிட் வரை அவர்கள் குறுந்தகட்டையே தெளிவாக விரும்பினார்கள். இது காது நிச்சயமாகக் கண்டுகொள்ளும் இழப்பு. ஆயிரக்கணக்கான டாலருக்கு டாக் வாங்கிவிட்டு, யாரோ யூடியூபில் ஏற்றிய, பலமுறை சுருக்கிய பாட்டை அதில் ஓட்டுவதை நம்மவர் வீடுகளில் எவ்வளவோ பார்க்கலாம். அந்தப் பணத்தில் ஒரு பங்கை நல்ல பதிவுகள் வாங்கச் செலவிட்டால், அன்றைக்கே வித்தியாசம் கேட்கும்.

ஆனாலும் புதுப் பெட்டியை இணைத்ததும் தம்புராவின் ரீங்காரம் விரிந்தது, மிருதங்கத்தின் தொப்பிக்கு உடல் வந்தது என்று சொல்கிறவர்கள் பொய் சொல்லவில்லை. அவர்களுக்கு அப்படியே கேட்டது. 2011இல் மொன்றியல் நரம்பியல் நிறுவனத்தில் வலோரி சலிம்பூரும் ராபர்ட் சட்டோரேயும் சகாக்களும், பிடித்த இசை கேட்கும்போது மூளையில் டோபமைன் சுரப்பதைப் படம்பிடித்தார்கள். உச்சக் கணத்தில் மட்டுமல்ல, அது வரப்போகிறது என்ற எதிர்பார்ப்பிலும், மூளையின் வேறொரு பகுதியில், சுரந்தது. எதிர்பார்ப்பு இசை இன்பத்தின் உள்ளுறுப்பு. ஒரு நல்ல பொருளை ஆசையாக வாங்கிவந்து முதல் பாட்டைப் போடும்போது அந்த எதிர்பார்ப்பு எவ்வளவு இருக்கும்! அந்த இன்பத்தை நான் குறைத்துப் பேச மாட்டேன். அது டாக்கிலிருந்து வருகிறதா நம்மிடமிருந்து வருகிறதா என்று தெரிந்துகொள்வது மட்டும் செலவு செய்வதற்கு முன் அவசியம்.

அதற்கு முதல் பகை ஒலியளவு. டாக்குகள் எல்லாம் ஒரே ஒலியளவில் தருவதில்லை. சாதாரண ஆர்சிஏ துளையில் இரண்டு வோல்ட் என்பது வழக்கு. சில கருவிகள் இரண்டரை தரும். அதுவே ஏறத்தாழ 2 டெசிபெல் கூடுதல். இரண்டு டெசிபெல்லை 'உரக்க' என்று காது சொல்லாது. 'தெளிவு', 'உயிர்ப்பு', 'அடித்தளம் நன்றாக இருக்கிறது' என்றுதான் சொல்லும். கடையில் நடக்கும் பெரும்பாலான ஒப்பீடுகள் இங்கேயே கவிழ்ந்துவிடுகின்றன. மொன்றியலில் வசந்தம் தொடங்கும்போது நடக்கும் ஆடியோஃபெஸ்ட் அருமையான விழா, போய்க் கேட்க வேண்டியது. ஆனால் அறைக்கு அறை ஸ்பீக்கரும் சுவரும் மாறும் இடத்தில் டாக்கை ஒப்பிட வழியில்லை.

வீட்டில் ஒப்பிடலாம். கடைக்காரரிடம் இரவல் வாங்கியோ, திருப்பித்தரும் காலக்கெடுவோடு வாங்கியோ இரண்டு டாக்குகளையும் ஆம்பின் இரண்டு துளைகளில் இணையுங்கள். இணையத்தில் கிடைக்கும் 100 ஹெர்ட்ஸ் சோதனை ஒலியை மெதுவாக ஓட்டுங்கள். ஆம்பின் பின்பக்கம் ஸ்பீக்கர் கம்பி நுழையும் இரண்டு திருகுகளில் மல்டிமீட்டரின் முட்களை வையுங்கள், மீட்டர் ஏ.சி. வோல்ட்டில் இருக்கட்டும். இரண்டு முட்களும் ஒன்றோடொன்று தொட்டுவிடக் கூடாது, ஆம்ப் போய்விடும். முதல் டாக்கில் 2.00 என்று காட்டினால், இரண்டாவதிலும் 1.98க்கும் 2.02க்கும் நடுவில் வரும்வரை இயக்கி மென்பொருளில் ஒலியளவைச் சரிசெய்யுங்கள். ஒரு விழுக்காடு வோல்ட் என்பது பத்தில் ஒரு டெசிபெல்லுக்குச் சற்றுக் குறைவு. அதற்குள் வந்துவிட்டால் ஒலியளவின் பகை ஒழிந்தது. மலிவான மீட்டர் ஆயிரக்கணக்கான ஹெர்ட்ஸில் தப்பாகக் காட்டும், 100 ஹெர்ட்ஸில் சரியாகக் காட்டும். குறைந்த அதிர்வெண் எடுத்ததற்குக் காரணம் அதுதான்.

அடுத்து, வீட்டில் மகளோ தம்பியோ ஒருவர் உங்கள் கண்ணில் படாமல் ஆம்பின் அருகில் உட்காரட்டும். நாணயம் சுண்டி எந்த டாக் என்று முடிவுசெய்து எழுதிவைத்துக்கொள்ளட்டும். ஒலி நினைவு சில விநாடிகளில் மங்கிவிடும், எனவே துணுக்கு சிறியதாகவும் மாற்றம் உடனடியாகவும் இருக்க வேண்டும். கேபிளைப் பிடுங்கிச் செருகிக் கேட்பதில் பயனில்லை. எதை எடுத்துக்கொள்வது? தனித் தம்புரா நல்லது, அதன் உயர் சுரங்கள் எங்கே பிசகினாலும் காட்டிக்கொடுக்கும். கஞ்சிராவின் சலங்கையும் கச்சேரிக் கைதட்டலும் கடினமான சோதனைகள்.

16 சுற்றுகள் செய்யுங்கள். பத்து சரி என்றால் மகிழ வேண்டாம். வெறும் ஊகத்தாலேயே பத்தோ அதற்கு மேலோ வர நூற்றில் 23 வாய்ப்பு உண்டு. 12 சரி என்றால் கவனிக்க வேண்டிய செய்தி, ஊகத்தில் அது வர நூற்றில் நாலுக்கும் குறைவு. பன்னிரண்டைத் தாண்டினீர்கள் என்றால் உங்கள் காது உண்மையிலேயே ஏதோ கண்டிருக்கிறது, பிடித்ததை நிம்மதியாக வாங்கிக்கொள்ளுங்கள். தாண்டவில்லை என்றால் விலை குறைந்ததை வாங்கிக்கொண்டு மிச்சத்தைப் பத்திரப்படுத்துங்கள்.

டாக்குகளுக்கு இடையில் வித்தியாசமே இல்லை என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். விளம்பரம் பேசாத இடங்களில் வித்தியாசம் நிறைய. கணினியிலிருந்து யு.எஸ்.பி. வழியாக 'ங்ங்' என்ற முனகல் ஸ்பீக்கரில் ஏறும் வீடுகள் ஏராளம். மின் தொடர்பைத் துண்டித்து எண்களை மட்டும் கடத்தும் உள்ளீடோ, ஒளியிழை உள்ளீடோ இருந்தால் அது அடங்கும். மிக உரக்க மாஸ்டர் செய்த சினிமாப் பாட்டுகளில் இரண்டு புள்ளிகளுக்கு நடுவே அலை உச்ச எண்ணையும் தாண்டி எழும். மேலே மூன்று டெசிபெல் இடம் விட்டுவைக்காத டாக்கில் அந்த உச்சி வெட்டுப்படும். டாக்கை நேராகப் பவர் ஆம்பில் செருகப்போகிறீர்கள் என்றால் அதில் நல்ல ஒலியளவுக் கட்டுப்பாடு இருக்க வேண்டும். டிவியை இணைக்க வேண்டுமா, நெட்வொர்க்கில் ஓட வேண்டுமா, அதன் செயலி ஐந்து வருடம் கழித்தும் புதுப்பிக்கப்படுமா என்பவை தினமும் கையில் உரசும் கேள்விகள். ஒன்டாரியோவின் ப்ரைஸ்டன் நிறுவனம் தன் அனலாக் கருவிகளுக்கு 20 வருட உத்தரவாதமும் டிஜிட்டல் கருவிகளுக்கு 5 வருடமும் தந்து பேர்பெற்றது. ஆம்ப் பிள்ளைகள் கைக்குப் போகும், டாக்கின் ஆயுள் குறுகியது என்பதை இதிலிருந்தே புரிந்துகொள்ளலாம். உள்ளூரில் பழுதுபார்க்க ஆளிருக்கும், நேர்த்தியாகச் செய்த, பார்க்கவும் தொடவும் இனிய கருவிக்குக் கூடுதலாகக் கொடுப்பதிலும் தவறில்லை. பூஷெர்வீலில் செய்யும் பொருளின் கைவேலைக்கு அப்படி ஒரு மதிப்பு உண்டு.

இசை உண்மையில் தொலைவது ஸ்பீக்கரிலும் அறையிலும். இதை உலகுக்குக் கற்றுக்கொடுத்தவர்களில் முக்கியமானவர் ஃப்ளாய்ட் டூல். மொன்றியலிலிருந்து இரண்டு மணி நேரத் தொலைவிலுள்ள ஒட்டாவாவில், தேசிய ஆராய்ச்சிக் கழகத்தில், 1965 முதல் 1991 வரை ஸ்பீக்கர்களைத் திரைக்குப் பின்னால் வைத்துச் சோதித்தவர். அளவுகளும் கண்மறைத்துக் கேட்டோரின் தீர்ப்பும் எங்கே ஒத்துப்போகின்றன என்று காட்டினார். கனடாவின் பல ஸ்பீக்கர் நிறுவனங்கள் அந்த ஆய்வகத்தில் அளந்து வளர்ந்தவை. பின்னர் ஹார்மன் நிறுவனத்தில் சேர்ந்து, ஷான் ஆலிவுடன் 1994இல் வெளியிட்ட சோதனையில், பெட்டியைப் பார்த்துக்கொண்டே கேட்டபோது பெரிய, விலையுயர்ந்த ஸ்பீக்கர்களுக்கு அதிக மதிப்பெண் விழுந்தது. திரை போட்டதும் இடைவெளி சுருங்கியது. மாற்றம் வெறும் காதுக்கே தெரியும் ஸ்பீக்கரிலேயே கண் இவ்வளவு குறுக்கிடுகிறது.

'பிளெக்ஸ்' எனப்படும் மொன்றியலின் பழைய அடுக்கு வீடுகள் நீண்டு ஒடுங்கியவை, மரத்தளம் போட்டவை. ஐந்து மீட்டர் நீள அறையில் 34 ஹெர்ட்ஸ் அலை இரு சுவர்களுக்கிடையே மாட்டிக்கொண்டு நிற்கும். நாற்காலி ஒரு இடத்தில் இருந்தால் தவிலின் அடி வயிற்றை அதிரவைக்கும், ஒரு மீட்டர் தள்ளினால் காணாமல் போகும். இது பத்து டெசிபெல் கணக்கு, டாக்கின் வித்தியாசமோ நூற்றில் ஒரு டெசிபெல் கணக்கு. ஸ்பீக்கரைச் சுவரிலிருந்து ஒரு முழம் நகர்த்துவதற்கும், தரையில் தடித்த கம்பளம் விரிப்பதற்கும், புத்தக அலமாரியைப் பின்சுவரில் வைப்பதற்கும் செலவு அநேகமாக இல்லை.

பதிவிலேயே தொலைந்துபோனதை எந்தப் பெட்டியாலும் மீட்க முடியாது. நம் பழைய கர்நாடக இசைப் பதிவுகளும், இலங்கை வானொலியிலிருந்து நாடாவில் பிடித்த பாட்டுகளும், அறுபது டெசிபெல் இடைவெளியைக்கூடத் தொடாதவை. அவற்றுக்கு 16 பிட்டே தாராளம்.

ஆனால் அந்த நாடாக்கள் அழிந்துகொண்டிருக்கின்றன. கோத்-தே-நேஜ் பகுதியிலும் பார்க் எக்ஸ்டென்ஷனிலும் எத்தனையோ தமிழ் வீடுகளின் அலமாரிகளில், யாழ்ப்பாணத்திலிருந்து பெட்டியில் வைத்துக் கொண்டுவந்த கேசட்டுகள் இருக்கின்றன: கோயில் திருவிழா நாதஸ்வரம், கலியாண வீட்டு மேளம், அம்மம்மாவின் குரலில் ஒரு கடிதம். அவற்றுக்குத் தேவைப்படுவது எதிர்த்திசை மாற்றி, மின்னழுத்தத்தை எண்ணாக்கும் ஏ.டி.சி. உயர்தர டாக்குக்கு ஒதுக்கிய பணத்தில் ஒரு பகுதியை நான் கண்ணை மூடிக்கொண்டு இதற்குக் கொடுப்பேன். பாட்டுக்காரர்கள் பயன்படுத்தும் எளிய யு.எஸ்.பி. இடைமுகமே போதும். ஒலி ஆவணக் காப்பகங்களின் பன்னாட்டு அமைப்பு பரிந்துரைக்கும் குறைந்தபட்ச அளவு 24 பிட், 48,000 மாதிரி. கேசட்டுக்கு அவ்வளவு பிட் எதற்கு என்று கேட்கலாம். உச்சத்தில் பன்னிரண்டு, பதினைந்து டெசிபெல் இடம் விட்டுப் பதிந்தால் திடீரென்று வரும் தவில் அடி வெட்டுப்படாது, கீழே எதுவும் இழப்பாகாது, அந்த நிம்மதிக்காகத்தான்.

எண்ணாக்கும் கருவியைவிட முக்கியம் நல்ல கேசட் டெக். அதில் நாடாவை வாசிக்கும் தலையின் ஒரு பக்கம் சின்னத் திருகு இருக்கும். அது தலையின் சாய்வை மாற்றும். ஒவ்வொரு கேசட்டும் வேறு வேறு கருவியில் பதிந்தது என்பதால் சாய்வும் வேறுபடும். இரண்டு சேனல்களையும் ஒன்றாக்கி ஹெட்ஃபோனில் கேட்டபடி திருகை நூலிழை நூலிழையாகத் திருப்பினால், ஓரிடத்தில் மங்கல் விலகி ஜால்ராவும் மெய்யெழுத்துகளும் துலங்கும். அங்கே நிறுத்திவிட்டுப் பதிவைத் தொடங்க வேண்டும். இரைச்சலைக் குறைக்கும் டால்பி பொத்தானைக் கேசட் பதியும்போது அது போடப்பட்டிருந்தது என்று நிச்சயமாகத் தெரிந்தால் மட்டும் போடுங்கள். சந்தேகமென்றால் போடாமலே பதியுங்கள். கேசட்டை இடையில் நிறுத்தாமல், இருபக்கமும் முழுதாக, நடுவே வரும் வெறும் இரைச்சலையும் சேர்த்துப் பதிந்து, அந்த மூலக் கோப்பில் கைவைக்காமல் இரண்டு இடங்களில் சேமித்துவைத்த பிறகே இரைச்சல் நீக்கும் மென்பொருளைத் திறக்க வேண்டும்.